பாம்படப் பாட்டியை உருவாக்க எந்த மென்பொருள்? பாலிகனையும் சிற்பத்தையும் எந்த வரிசையில் சேர்ப்பது?

கணினியில் முப்பரிமாணக் கேரக்டர் மாடலிங் பழகுகிறவர்கள் கேட்பது பெரும்பாலும் மூன்று கேள்விகள்தான். பிளெண்டர் மட்டும் போதுமா? ஸீபிரஷும் வாங்க வேண்டுமா? மாயா தெரியாமல் வேலை கிடைக்குமா? மூன்றுக்கும் பதில் உண்டு, பின்பாதியில் வருகிறேன். அதற்கு முன்னால் முடிவு செய்ய வேண்டியது ஒன்று இருக்கிறது. மாடலின் இறுதி மெஷ், அதாவது அசைவுக்கான எலும்புக்கூட்டை (ரிக்) போடுகிறவர் கைக்குப் போய்ச் சேரப்போகிற வலை, எந்தக் கட்டத்தில் உருவாகப்போகிறது? செதுக்குவதற்கு முன்பா, செதுக்கி முடித்த பிறகா, பாதி வழியிலா? இது தெளிவானால் மென்பொருள் தேர்வு முக்கால்வாசி முடிந்த மாதிரி. இதை யோசிக்காமல் முதலில் மென்பொருளை வாங்குகிறவர்கள், வாங்கியதற்குத் தோதாக வேலையை வளைக்க ஆரம்பித்துவிடுவார்கள்.

பாலிகன் மாடலிங்கில், அதாவது பலகோணங்களை ஒட்டி உருவம் கட்டுவதில், ஒவ்வொரு புள்ளியும் நாம் தெரிந்து வைத்தது. கோலத்துக்குப் புள்ளி வைப்பது மாதிரி: எங்கே எத்தனை என்பதை முதலிலேயே யோசித்துவிட்டால் கோடு தானாக ஓடும், ஒரு புள்ளி தப்பினால் சிக்கல் வேறு மூலையில் தெரியும். டிஜிட்டல் சிற்பத்தில் அந்தக் கணக்கே கிடையாது. பிரஷ்ஷை ஓட்டினால் ஆயிரக்கணக்கான புள்ளிகள் ஒன்றாக நகரும், நம் கண்ணுக்கு உருவம் மட்டுமே தெரியும். செதுக்கிய கோடிப் பாலிகனை அப்படியே நடக்க வைக்க முடியாது, எண்ணி வைத்த பத்தாயிரம் பாலிகனில் சுருக்கத்தைக் காட்ட முடியாது. 2004 வாக்கில் விளையாட்டுகளில் நார்மல் மேப் பரவலானபோது இந்த இரண்டு உலகத்துக்கும் நடுவே ஒரு பாலம் கிடைத்தது. செதுக்கியதன் நுணுக்கத்தைப் படமாக எடுத்து, எளிய மெஷ்ஷின் மேல் போர்த்திவிடலாம். அன்றிலிருந்து இரண்டையும் சேர்த்தே கற்க வேண்டியிருக்கிறது.

பொதுப்படையாகப் பேசினால் எல்லா வழியும் சரியாகத்தான் தோன்றும். அதனால் ஒரே ஒரு கேரக்டரை வைத்துப் பேசுகிறேன்: தென் மாவட்டத்துப் பாட்டி ஒருத்தி. எழுபதைத் தாண்டிய முகம், பொக்கை வாய், தோளைத் தொடும் காது மடல், அதில் பாம்படம், உடம்பில் கண்டாங்கிச் சேலை. ரவிக்கை போடாத தலைமுறை, ஆகவே தோள்பட்டை முழுதாக வெளியே தெரியும். கையைத் தூக்கும்போது தோள் மடங்குவதை மறைக்கத் துணி இருக்காது. இந்தப் பாட்டியிடம் எல்லா வகைச் சிக்கலும் இருக்கிறது. முகச் சுருக்கம் சிற்ப வேலை. உருண்டையும் சதுரமும் தட்டுமாகச் சேர்ந்த பாம்படம் சுத்தமான பாலிகன் வேலை. நீண்டு தொங்கும் காது மடல் எந்தப் பக்கம் சேரும் என்பதில்தான் வழிகளுக்கிடையே சண்டை.

எவ்வளவு நுணுக்கம் வேண்டும்?

வழியைத் தேர்வு செய்யுமுன் ஒரு சின்னக் கணக்கு. நான்கு மூலை கொண்ட பாலிகனை, அதாவது குவாடை, ஒரு முறை சப்டிவைட் செய்தால் நான்காகும். எட்வின் கேட்மல்லும் ஜிம் கிளார்க்கும் 1978-ல் வெளியிட்ட முறைதான் இன்றைக்கும் இதற்கு அடிப்படை. முழு உடம்புக்கு 10,000 குவாட் உள்ள பேஸ் மெஷ் (தொடக்க வலை) என்று வைத்துக்கொள்வோம். ஐந்து முறை பிரித்தால் 40,000, 1,60,000, 6,40,000, 25,60,000, கடைசியில் 1,02,40,000. ஒரு கோடியைத் தாண்டிவிட்டது, இனி எல்லாம் வரும் என்று தோன்றும். வராது. மனிதத் தோலின் பரப்பு தோராயமாக ஒன்றரைச் சதுர மீட்டர், அதாவது 15 லட்சம் சதுர மில்லிமீட்டர். ஒரு கோடிப் பாலிகனைப் பரப்பினால் சதுர மில்லிமீட்டருக்குச் சராசரியாக ஏழுகூடக் கிடைக்காது. ஒவ்வொரு பாலிகனும் கிட்டத்தட்ட 0.4 மி.மீ. அகலம். தோல் துவாரமே அந்த அளவுதான் இருக்கும். துவாரத்தைச் செதுக்க 0.1 மி.மீ. பாலிகனாவது வேண்டும். அந்த அடர்த்தியில் முகத்தின் முன்பகுதிக்கு மட்டும் ஏறத்தாழ 30 லட்சம், உடம்பு முழுவதற்கும் என்றால் 15 கோடி.

தலையை உடம்பிலிருந்து பிரித்துத் தனியாக வைத்துச் செதுக்குவது இந்தக் கணக்கால்தான். 5,000 குவாட் உள்ள தலை ஐந்து முறை பிரிந்தால் 51 லட்சத்து 20 ஆயிரம். முகத்தில் இயல்பாகவே லூப்புகள் (வரிசையாக ஓடும் விளிம்புகள்) நெருங்கி இருப்பதால் இது போதுமானது. ஆனால் இந்த அளவு தேவைதானா என்பதும் கேட்க வேண்டிய கேள்வி. பாட்டியின் தலை சுற்றளவு 55 செ.மீ. அதை 4,096 பிக்சல் அகல டெக்ஸ்சரில் (மெஷ்ஷின் மேல் போர்த்தும் படத்தில்) விரித்தால் ஒரு பிக்சலுக்கு 0.13 மி.மீ. வருகிறது. டெக்ஸ்சர் 2,048 தான் என்றால் ஒரு பிக்சல் 0.27 மி.மீ. அதற்கும் நுண்ணியதாகச் செதுக்கினால் பேக் செய்யும்போது, அதாவது நுணுக்கத்தைப் படமாக எடுக்கும்போது, மசங்கிப்போகும். இரவெல்லாம் கண் விழித்துச் செதுக்கிய துவாரங்கள் கடைசிப் படத்தில் காணாமல் போவதற்கு மென்பொருள் காரணமல்ல, இந்தப் பெருக்கல்தான். கைபேசி விளையாட்டுக்குச் செய்கிற கேரக்டருக்குத் துவாரம் செதுக்குவதற்காகவே ஸீபிரஷ் வாங்குகிறேன் என்று யாராவது சொன்னால் நான் தடுப்பேன்.

முதல் வழி: கட்டிவிட்டுச் செதுக்குவது

நல்ல டோபாலஜி (வலையின் அமைப்பு) உள்ள பேஸ் மெஷ்ஷை எடுத்துக்கொள்வது, யூவியை (டெக்ஸ்சருக்கான தட்டை விரிப்பை) முதலிலேயே விரித்துவிடுவது, அதன்மேல் சப்டிவிஷன் நிலைகளை ஏற்றிச் செதுக்குவது. ஸீபிரஷில் இது சப்டிவிஷன் லெவல், பிளெண்டரில் மல்டிரெஸ். மனித உடம்புக்கான பேஸ் மெஷ் தொகுப்பை பிளெண்டர் தளமே இலவசமாகத் தருகிறது, ஒன்றுமில்லாமல் தொடங்க வேண்டிய அவசியமில்லை.

இந்த வழியின் பெரிய லாபம், செதுக்கிய பிறகு வலையைப் புதிதாகப் போடும் ரீடோபாலஜி வேலை மிச்சமாவது அல்ல, அது உபரி லாபம். உண்மையான லாபம் புள்ளிகளின் வரிசை கடைசிவரை மாறாமல் இருப்பது. பாட்டி சிரிக்க வேண்டும், முறைக்க வேண்டும், வெற்றிலை மெல்ல வேண்டும். ஒவ்வொரு பாவனையும் ஒரே மெஷ்ஷின் வேறு நிலையாக இருந்தால்தான் பிளெண்ட்ஷேப், அதாவது ஒரு பாவனையிலிருந்து இன்னொன்றுக்கு மெஷ்ஷை மாற்றும் முறை, வேலை செய்யும். அதே பேஸ் மெஷ்ஷில் அடுத்த வாரம் தாத்தாவைச் செய்தால் யூவியும் ரிக்கும் ஓரளவு அவருக்கும் ஒத்துவரும். நிறையக் கேரக்டர் செய்கிற இடங்கள் இந்த வழியை விடாமல் வைத்திருப்பது அதனால்தான்.

இடறுகிற இடம் காது. சாதாரண பேஸ் மெஷ்ஷில் மடலுக்கு ஏழெட்டு குவாட் இருந்தால் அதிகம். அதை மூவ் பிரஷால் தோள்வரை இழுத்தால் குவாட்கள் நூல் நூலாக நீளும். எத்தனை முறை சப்டிவைட் செய்தாலும் நீளவாட்டில் அடர்த்தி வராது, அங்கே செதுக்குகிற சுருக்கம் ஏணிப்படி போலத் தெரியும். துளை இன்னும் மோசம். சப்டிவிஷன் இருக்கிற வலையைத்தான் பிரிக்கும், புதிதாகத் துளை போடாது. மடலுக்கு நடுவே ஓட்டை வேண்டுமென்றால் பாலிகன் கட்டத்திலேயே இரண்டு பக்கமும் முகங்களை நீக்கி, உள்விளிம்பைப் பிரிட்ஜ் செய்து, நீளத்துக்கு ஏற்ப லூப்புகளைச் சேர்த்துவிட வேண்டும். கை பழகியவருக்குச் சின்ன வேலைதான். ஆனால் மடல் எவ்வளவு நீளம், துளை எவ்வளவு அகலம் என்பது முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டும். கான்செப்ட் ஓவியம் முடிவாகிவிட்டது, பக்கவாட்டுப் படமும் இருக்கிறது என்றால் இந்த வழியை வேறெதுவும் நெருங்க முடியாது. ஓவியமே இல்லாமல், உருவத்தைத் தேடிக்கொண்டே செய்கிறவருக்கு இது கைவிலங்கு.

இரண்டாம் வழி: செதுக்கிவிட்டுக் கட்டுவது

ஒரு உருண்டையில் தொடங்கி, வலையைப் பற்றிக் கவலையே படாமல் இழுத்து, ஒட்டி, வெட்டி உருவத்தைக் கண்டுபிடிப்பது. ஸீபிரஷுக்கு 2011-ல், வலையைச் சமமாகப் புதுப்பித்துத் தரும் (ரீமெஷ் செய்யும்) டைனாமெஷ் வந்ததிலிருந்து இது பிரபலம். பிளெண்டரில் 2013-ல் டைன்டோபோவும் 2019-ல் 2.81 பதிப்போடு வாக்ஸல் (சின்னக் கனசதுரம்) ரீமெஷ்ஷும் வந்தன. 3டி கோட் உண்மையான கன அளவு வாக்ஸலில் வேலை செய்வதற்குப் பேர்போனது. உக்ரைனைச் சேர்ந்த பில்க்வே நிறுவனத்தின் தயாரிப்பு அது.

காதில் துளை வேண்டுமா? ஒரு உருளையைக் கழித்துவிட்டு ரீமெஷ் அடித்தால் துளை வந்துவிடும். மடல் நீளம் போதவில்லையா? இழு, மறுபடியும் ரீமெஷ். அடர்த்தி எல்லா இடத்திலும் சமமாகப் பரவும். பாட்டியின் தாடை உள்ளே போக வேண்டுமா, கன்னம் குழிய வேண்டுமா என்றெல்லாம் பத்து விதமாகப் பார்க்க இந்த வழிக்கு ஈடில்லை.

இதற்கும் ஒரு குணம் இருக்கிறது: வாக்ஸல் அளவைவிடக் குறுகிய இடைவெளியை அது மூடிவிடும். வாக்ஸல் 2 மி.மீ. என்றால் 2 மி.மீ.க்குள் நெருங்கிய இரண்டு பரப்புகள் ஒட்டிக்கொள்ளும். பொக்கை வாயில் உதடுகள் உள்மடிந்து கிட்டத்தட்ட தொட்டுக்கொண்டிருக்கும். ஒரு ரீமெஷ் அடித்தால் வாய் தைத்த மாதிரி ஆகிவிடும். இமையும் அப்படியே. ஆகவே வாயையும் கண்ணையும் சற்றே திறந்த நிலையில் செதுக்குவது நல்லது.

பெரிய செலவு அதற்குப் பிறகு, ரீடோபாலஜியில். தானியங்கிக் கருவிகள் இருக்கின்றன: ஸீபிரஷில் 2013 முதல் ஸீரீமெஷர், பிளெண்டரில் குவாட்ரிஃப்ளோ, தனியாக விற்கும் குவாட் ரீமெஷர். அசையாத சிலைக்கு இவை தாராளமாகப் போதும். பாட்டியின் முகத்துக்குப் போதாது. தானியங்கி வலையில் லூப்புகள் கை காலைச் சுற்றி மூடிய வளையமாக முடியாமல் சுருளாக ஏறிக்கொண்டே போவதை அடிக்கடி பார்க்கலாம். சுருள் லூப்பில் முழங்கையை மடக்கினால் சதை முறுக்கிக்கொள்ளும். வாயைச் சுற்றியும் கண்ணைச் சுற்றியும் வளையங்கள், மூக்கோரத்திலிருந்து வாயோரத்துக்கு இறங்கும் மடிப்பில் ஒரு ஓட்டம், முழங்கைக்குக் குறைந்தது மூன்று லூப்: இவற்றைக் கையால் வைப்பதே நல்லது. மாயாவின் குவாட் டிரா இதற்கு எனக்குப் பிடித்த கருவி. பிளெண்டரில் ரீடோபோஃப்ளோ செருகுநிரல், 3டி கோட்டில் தனி ரீடோப்போ அறை.

கையால் வலை போட்ட பிறகு செதுக்கிய நுணுக்கத்தைப் புதிய வலைக்கு மாற்ற வேண்டும், அதாவது புரொஜெக்ட் செய்ய வேண்டும். உதட்டின் உட்புறம், இமை ஓரம், அக்குள், விரல் இடுக்கு: பரப்புகள் எதிரெதிராக நெருங்கும் இடங்களில் எல்லாம் கீழ் உதட்டின் புள்ளி மேல் உதட்டில் போய் ஒட்டும். ஒவ்வொன்றாகத் திருத்த வேண்டியிருக்கும். துவாரம்வரை செதுக்கி முடித்த பிறகு இந்த வேலையில் இறங்கினால், திருத்துகிற ஒவ்வொரு இடத்திலும் துவாரத்தை மறுபடி செதுக்க வேண்டும்.

மூன்றாம் வழி: நடுவில் ஒரு முறை மட்டும் கடப்பது

என் ஓட்டு இதற்கு. உருவம் தெளியும்வரை கட்டற்ற சிற்பம். மண்டை ஓட்டின் அமைப்பு, கன்னக் குழி, தாடைத் தொங்கல், மடலின் நீளம், பெரிய மடிப்புகள் எல்லாம் இரண்டு மூன்று லட்சம் பாலிகனுக்குள் முடிவாகிவிட வேண்டும். துவாரம், மெல்லிய சுருக்கம் எதையும் தொடக் கூடாது. அந்த நிலையில் ரீடோபாலஜி. பிறகு யூவி, சப்டிவிஷன், பெரிய உருவத்தை மட்டும் புரொஜெக்ட் செய்வது, நுணுக்கமெல்லாம் புதிய வலையின் மேல்.

ரீடோபாலஜியையே குறைக்கவும் வழியுண்டு. கையில் உள்ள நல்ல பேஸ் மெஷ்ஷைச் செதுக்கிய உருவத்தின் மேல் போர்த்தி இழுக்கலாம். ஃபேஸ்ஃபார்ம் நிறுவனத்தின் ராப் இதற்கென்றே இருக்கிறது. பிளெண்டரில் ஷ்ரிங்க்ராப் மாடிஃபையரும் கொஞ்சம் பொறுமையும் இருந்தால் அதையே இலவசமாகச் செய்யலாம். பாட்டிக்கு என்றால், காது மடலை மட்டும் புதிதாகக் கட்டி, மீதி உடம்பை பேஸ் மெஷ்ஷிலிருந்து போர்த்துவேன். முதல் வழியின் புள்ளி வரிசையும் இரண்டாம் வழியின் சுதந்திரமும் சேர்ந்து கிடைக்கும்.

இந்த வழி கேட்பது ஒழுங்கை. செதுக்க நன்றாக வருகிறதே, இன்னும் கொஞ்சம், கண்ணோரம் நாலு கோடு போட்டுவிடலாமே என்று கை நகரும். அங்கே நிறுத்தத் தெரியாதவருக்கு மூன்றாம் வழி இரண்டாம் வழியாகவே முடியும்.

பாம்படமும் சேலையும் இந்த மூன்று வழிகளுக்கும் வெளியே. உருண்டை, கனசதுரம், தட்டு என்று நேர்க்கோட்டு வடிவங்களை பிரஷ்ஷால் செதுக்குவது வீண் முயற்சி. பாலிகனில் கட்டி, விளிம்புகளுக்கு பெவல் கொடுத்து, கடைசியில் நெளிசலும் தேய்மானமும் மட்டும் சிற்பத்தில் சேர்க்கலாம். ஸீபிரஷுக்குள்ளேயே 2015 முதல் ஸீமாடலர் என்ற பாலிகன் கருவி உண்டு, கெட்டிக்காரக் கருவிதான். ஆனால் பிளெண்டரோ மாயாவோ கையில் இருக்கும்போது அதற்குள் போக எனக்கு மனம் வந்ததில்லை. சேலையை மார்வலஸ் டிசைனரிலோ பிளெண்டரின் துணி சிமுலேஷனிலோ விழவைத்து, மடிப்பைச் சிற்பத்தில் கூர்மையாக்கலாம். கண்டாங்கிக் கட்டங்கள் டெக்ஸ்சரில் வர வேண்டியவை.

மாடல் யாருக்கு?

விளையாட்டு எஞ்சினுக்கு என்றால் மூன்றாம் வழியும் நார்மல் மேப்பும். அன்ரியல் எஞ்சின் 5, 2022-ல், கோடிக்கணக்கான பாலிகனைத் தாங்கும் நானைட்டோடு வந்தபோது இனி ரீடோபாலஜியே வேண்டாம் என்று ஒரு பேச்சு கிளம்பியது. நானைட் முதலில் அசையாப் பொருட்களுக்கு வந்தது, எலும்புக்கூடு உள்ள மெஷ்களுக்குப் பிறகுதான் கை நீண்டது. அப்படியே பாலிகன் எண்ணிக்கை ஒரு பொருட்டில்லை என்று ஆனாலும், தோள் மடங்கும்போது சதை எப்படி நகர வேண்டும் என்பதை லூப்புகளின் ஓட்டம்தான் தீர்மானிக்கிறது. எந்தப் புள்ளி எந்த எலும்போடு நகரும் என்று குறிக்கிற, அதாவது ஸ்கின் வெயிட் போடுகிறவர் கோடிப் புள்ளிகளோடு என்ன செய்வார்?

சினிமாவுக்கு என்றால் முதல் வழி அல்லது மூன்றாம் வழி, நார்மல் மேப்புக்குப் பதில், பரப்பையே உயர்த்தித் தாழ்த்தும் 32 பிட் டிஸ்ப்ளேஸ்மென்ட். முகத்தைப் பல யூடிம் கட்டங்களாக (ஒவ்வொன்றுக்கும் தனி டெக்ஸ்சர்) பிரித்தால் முன்னே போட்ட பிக்சல் கணக்கும் தளர்ந்துவிடும்.

ரெசின் பிரின்டருக்கு என்றால் கதையே வேறு. இரண்டாம் வழி போதும், ரீடோபாலஜி தேவையில்லை. மெஷ் ஓட்டையில்லாமல் மூடியிருக்க வேண்டும், டெசிமேட் செய்து எண்ணிக்கையைக் குறைத்தால் சரி. அளவில் மட்டும் கவனம். 160 செ.மீ. பாட்டியை ஆறில் ஒரு பங்காக்கினால் 27 செ.மீ. பொம்மை. 0.3 மி.மீ. துவாரம் 0.05 மி.மீ. ஆகிவிடும். அச்சில் விழுந்தாலும் பெயின்ட் அடித்தால் மூடிக்கொள்ளும். சுருக்கங்களை நிஜத்தைவிட ஆழமாகவும் அகலமாகவும் செதுக்க வேண்டும். மடலும் பாம்படத்தின் கொக்கியும் மெல்லியதாக இருந்தால் சப்போர்ட்டை எடுக்கும்போதே ஒடியும்.

ஜோடிகள்

பிளெண்டர் மட்டும் என்பது இன்றைக்குச் சமாளிப்பு அல்ல, முழுமையான தேர்வு. பாலிகன், சிற்பம், ரீடோப்போ, யூவி, பேக், ரெண்டர் எல்லாம் ஒரே கோப்பில். ஏற்றுமதி இறக்குமதி இல்லை என்பது சின்ன விஷயமாகத் தெரியலாம். செதுக்கும்போது பேஸ் மெஷ்ஷில் ஒரு தவறு கண்ணில் பட்டால் வெளியே போகாமல் அங்கேயே பார்க்கலாம் என்பது எனக்குப் பெரிய வசதி. பலவீனம் இரண்டு. ஒரே பொருளில் பாலிகன் எண்ணிக்கை பல லட்சங்களைத் தாண்டும்போது கை ஓட்டம் கனக்கும், மல்டிரெஸ் சில நேரம் கூர்முள் போல் புள்ளிகளைத் துருத்தும். மற்றொன்று, ஸீபிரஷின் லேயர் போல, சுருக்கத்தை ஒரு அடுக்கிலும் துவாரத்தை இன்னொரு அடுக்கிலும் வைத்துக் கூட்டிக் குறைக்கும் வசதி நான் பழகிய பதிப்புகளில் உள்ளமைப்பாக இல்லை. துவாரத்தைச் செதுக்காமல் டெக்ஸ்சரில் கொண்டுவர முடிவு செய்துவிட்டால் இரண்டு பலவீனமும் பெரிதாக உறுத்தாது.

பிளெண்டரும் ஸீபிரஷும் சேர்ந்த ஜோடி தனியாக வேலை செய்கிறவருக்கு ஏற்றது. ஸீபிரஷ் 1999-ல் வெளியுலகத்துக்கு வந்தது. 2022-ல் மேக்ஸான் கைக்குப் போனது, இப்போது சந்தா முறை. அது திரை வேலைக்கு கிராஃபிக்ஸ் கார்டை நம்பாமல் சிபியூவையும் ரேமையும் வைத்தே ஓடும் பழைய வடிவமைப்பு. ஆகவே நல்ல கார்டு இல்லாத மடிக்கணினியிலும் கோடிப் பாலிகனைத் தாங்கும், இது பலருக்குத் தெரியாத வசதி. கிரந்தம் போன்ற இடைமுகத்துக்குப் பழக நாளாகும் என்பதும் உண்மை. செலவைக் கட்டுப்படுத்த ஒரு வழி: உருவம், ரீடோப்போ, யூவி எல்லாவற்றையும் பிளெண்டரில் முடித்துவிட்டு, நுணுக்க வேலைக்கு மட்டும் ஒரு மாதச் சந்தா. மூன்றாம் வழியில் வேலை செய்கிறவருக்கு இது கச்சிதமாகப் பொருந்தும், நுணுக்கம் முழுவதும் கடைசிக் கட்டத்தில்தானே குவிந்திருக்கிறது.

இந்த ஜோடியில் கடக்கும்போது கவனிக்க வேண்டியவை சில. பிளெண்டர் மீட்டர் கணக்கு, மாயா இயல்பாகச் சென்டிமீட்டர், ஸீபிரஷ் உள்ளுக்குள் சிறிய அளவை விரும்பும். போகும்போது ஒரு அளவு, வரும்போது ஒரு அளவு என்றால் டிஸ்ப்ளேஸ்மென்ட் உயரம் பொய்யாகிவிடும். புள்ளிகளின் வரிசை மாறாமல் இருக்கும்வரை, பிளெண்டரில் திருத்திய பேஸ் மெஷ்ஷை ஸீபிரஷின் கீழ் நிலையில் இறக்கினால் மேலே செதுக்கிய நுணுக்கம் அப்படியே ஏறிக்கொள்ளும். ஒரு லூப்பைக் கூட்டினாலோ நீக்கினாலோ அந்தத் தொடர்பு போயிற்று, புரொஜெக்ஷன்தான் கதி. இன்னொன்று: மேல் நிலையில் செதுக்கும்போது கீழ் நிலைப் புள்ளிகளும் மெல்ல நகரும். ரிக் போட ஏற்கெனவே கொடுத்துவிட்ட மெஷ் என்றால், செதுக்கத் தொடங்கும் முன் மார்ஃப் டார்கெட்டாக அதைச் சேமித்துவிட வேண்டும். பிளெண்டருக்குத் திரும்பும் பக்கம் ஒரு நல்ல செய்தி: 2.90 பதிப்பிலிருந்து, அடர்ந்த மெஷ்ஷிலிருந்து கீழ் நிலைகளை மீட்டெடுக்கும் வசதி மல்டிரெஸ்ஸில் இருக்கிறது. கடைசியில் நார்மல் மேப்பின் பச்சை சேனல், இரண்டு முறைகளில் இது ஒன்றுக்கொன்று தலைகீழ். அன்ரியல் எதிர்பார்ப்பது டைரக்ட்எக்ஸ் முறை, யூனிட்டியும் பிளெண்டரும் ஓபன்ஜிஎல் முறை. ஒன்றுக்குப் பதில் மற்றொன்றைக் கொடுத்தால் பாட்டியின் சுருக்கங்கள் மேடாகத் தெரியும்.

மாயாவும் ஸீபிரஷும் ஸ்டுடியோ ஜோடி. கோஸீ பொத்தானை அழுத்தினால் மெஷ் இரண்டுக்கும் நடுவே போய்வரும், ரிக்கிங் துறை மாயாவிலேயே உட்கார்ந்திருக்கும். சொந்தக் காசில் இரண்டு சந்தா கட்டி இதை எடுக்க வேண்டிய காரணம் எதுவும் எனக்குத் தெரியவில்லை. மாணவர் என்றால் ஆட்டோடெஸ்க் கல்வி உரிமத்தில் மாயா இலவசம், அதுவரை பழகிக்கொள்ளலாம். மட்பாக்ஸ் என்ற சிற்ப மென்பொருளும் ஆட்டோடெஸ்கிடம்தான் இருக்கிறது, 2007-ல் வாங்கினார்கள். இன்று புதிதாகத் தொடங்குகிறவருக்கு அதைச் சொல்ல மாட்டேன்.

3டி கோட்டை நம் ஊரில் குறைவாகவே பேசுகிறார்கள். சந்தா பிடிக்காதவர், நிரந்தர உரிமம் வேண்டுகிறவர், இரண்டாம் வழியில்தான் என் மனம் ஓடும் என்கிறவர் கட்டாயம் பார்க்க வேண்டியது. வாக்ஸல் சிற்பம், கை ரீடோப்போ, யூவி, டெக்ஸ்சர் பெயின்டிங் நான்கும் ஒரே கூரையின் கீழ். சப்டிவிஷன் நிலைகளில் ஏறி இறங்கிச் செதுக்கும் பழக்கம் உள்ளவருக்கு மட்டும் அந்நியமாகத் தோன்றும்.

டேப்லட்டில் நோமட் ஸ்கல்ப்ட், ஒரே தடவை காசு. ரயிலில் உட்கார்ந்து பாட்டியின் தாடையைத் தேடுவதற்கு அதைவிடச் சுகமானது இல்லை. உருவம் கிடைத்ததும் பிளெண்டருக்குக் கொண்டுவந்துவிடலாம். ஐபேடுக்கு 2024-ல் ஸீபிரஷும் வந்துவிட்டது. கணினியில் ஏற்கெனவே சந்தா வைத்திருப்பவருக்கு அது பொருத்தம், இல்லாதவருக்கு நோமட்டே போதும்.

காசு கொஞ்சமாக இருந்தால் செலவின் வரிசை என் கணக்கில் இது: முதலில் அழுத்தம் உணரும் பென் டேப்லட், பிறகு ரேம், அதன் பிறகு சந்தா. மவுஸால் செதுக்குகிறவருக்கு ஸீபிரஷ் வாங்கிக் கொடுத்தாலும் சுருக்கம் கோடாகத்தான் விழும்.

மாயா தெரியாமல் வேலை கிடைக்குமா என்ற கேள்வி மிச்சம் இருக்கிறது. மாயா கேட்கும் ஸ்டுடியோக்கள் கேட்டுக்கொண்டேதான் இருக்கின்றன. அங்கே சேர விரும்புகிறவர் கல்வி உரிமத்தில் குவாட் டிராவும் அடிப்படை ஸ்கின்னிங்கும் பழகிவிடுவது நல்லது. மற்ற இடங்களில் மாடலை எதில் செய்தோம் என்பதைவிட மாடலைப் பார்ப்பார்கள். போர்ட்ஃபோலியோவில் அழகான ரெண்டர் ஒன்று போதும். அதற்குப் பக்கத்தில் பாட்டி கையைத் தலைக்கு மேல் தூக்கிய நிலையில் தோளின் வயர்ஃபிரேம் (வலைக் கோடுகள் தெரியும் படம்), வாயைத் திறந்து மூடிய இரண்டு நிலைகள், காது மடலின் லூப் ஓட்டம், எஞ்சினுக்குள் எடுத்த ஒரு ஸ்கிரீன்ஷாட் ஆகியவற்றை வையுங்கள். ஆள் எடுக்கிற கேரக்டர் லீட் முதலில் திறந்து பார்ப்பது அந்த வயர்ஃபிரேமைத்தான்.